அட்டை தொலைந்த மாதம்

எங்கள் வீட்டு உதவி அட்டை தொலைந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா வேலை பார்த்த தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட்டார்கள், நாங்கள் குனோங் ராபாட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா சீனர் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினார். சமூகநல அலுவலகம் கொடுத்த அந்த மஞ்சள் அட்டையைக் காட்டினால், மாதம் ஒருமுறை முச்சந்திக் கடை முதலாளி தவுக்கே அரிசி, கோதுமை மாவு, எண்ணெய், பச்சைப் பயறு, மீகூன் சேமியா, சாடின் மீன் டின்கள் எல்லாம் கொடுத்து அட்டையில் முத்திரை குத்துவார். அம்மா அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். எங்கள் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி, ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. அப்பாவின் அக்காவான எங்கள் அத்தைக்கு இது நன்றாகத் தெரியும்.

“ஒந் தம்பி வருவானா, இல்ல கடல்ல எறங்கிப் போயிருவானா?” என்று அத்தை வருகிறவர்கள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“வருவான் அண்ணி. எந் தம்பி ஒன்னும் கையை வீசிக்கிட்டு வர மாட்டான்,” என்றார் அம்மா.

மாமா சடங்குக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார், கையை வீசிக்கொண்டுதான். ஆனால் எங்களைச் சிரிக்க வைத்தார். பந்தலுக்குக் கம்பு நட்டார். அம்மா வேலைக்குப் போனபின் எங்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தார். சீர் எங்கே என்று நான் கேட்டதற்கு, “வருதுலா, லோரியில வருது,” என்றார்.

சடங்கன்று உண்மையாகவே சீர் வந்தது. மாமா பக்கத்துத் தெருப் பெண்களைக் கூட்டி வைத்து, தட்டுகளைத் தலையில் ஏற்றி, மேளம் இல்லாத குறைக்குத் தானே விசிலடித்துக்கொண்டு வந்தார். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒன்பது தட்டு. முதல் தட்டில் சேலை, அடுத்ததில் பூ, பிறகு வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். அதற்கப்புறம் அத்தை ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தார். அரிசி. கோதுமை மாவு. எண்ணெய்ப் போத்தல். பச்சைப் பயறுக்கு மேல் மீகூன். கடைசித் தட்டில், சுற்றிலும் சாமந்திப்பூ தூவி, நடுவில் கோபுரம் மாதிரி அடுக்கிய சாடின் டின்கள்.

பந்தலே சிரித்தது.

“என்னா தம்பி, சீர்த் தட்டுல சாடினா? எங்க காலத்துல ஆப்பிள், ஆரஞ்சு வைப்பாங்க!” என்றார் பந்தலில் இருந்த ஓர் அம்மாள்.

“ஆப்பிள் அழுகிரும்க்கா. இது மூனு வருசம் கெடாதுலா,” என்றார் மாமா.

அம்மாவும் சிரித்தார். “அவனுக்குத்தான் தெரியும், இந்த வூட்டுக்கு என்னா வேணும்னு,” என்று அத்தையின் காதில் விழும்படி சொன்னார். அன்று போல அம்மா நிமிர்ந்து நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமா அக்காவுக்கு மாலை போட்டபோது, உலகத்திலேயே பெரிய ஆள் எங்கள் மாமாதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமா போய்விட்டார். அந்த மாதச் சாமான் வாங்கத் தவுக்கே கடைக்குப் புறப்பட்ட அம்மா முருகன் படத்தை எடுத்துப் பார்த்தார். அட்டை இல்லை. படத்தைத் திருப்பினார், தட்டினார். பிறகு அடுப்படிப் பலகையில் அடுக்கியிருந்த சீர்ச் சாமான்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை அதற்குள் விழுந்திருக்குமோ என்று நானும் டின்களை நகர்த்தித் தேடினேன்.

“தேடாத பாப்பா,” என்றார் அம்மா. “சட்டையை மாத்து. பாலாய்க்குப் போவணும்.”

புது அட்டை வேண்டுமென்றால் முதலில் போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அம்மாவுக்குக் கடையில் பேசும் மலாய் தெரியும். மாத்தாவிடம், அதாவது போலீஸ்காரரிடம், பேசும் மலாய் வராது. சடங்கு முடிந்த பெண்ணைப் பாலாய் வாசலில் நிறுத்தவும் மனமில்லை. அதனால், நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

மீசை வைத்த அந்த மாத்தா நல்லவர். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

“தொலஞ்சுச்சா, யாரும் திருடிட்டாங்களான்னு கேக்குறாரும்மா.”

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“தொலஞ்சிருச்சின்னு சொல்லு.”

“எங்கன்னு கேக்குறாரு.”

“பஸ்ஸுல.”

“நாம பஸ்ஸுல போவவே இல்லியேம்மா?”

“சொன்னதச் சொல்லு.”

சொன்னேன். என் காது சூடாகிவிட்டது. அவர் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

சமூகநல அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மாள் கடைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத் தலையை ஆட்டினார். இந்த மாதச் சாமான் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, சடங்குக்கு முதல் நாளே. புது அட்டை கொடுப்பார்கள், ஆனால் அடுத்த மாதம்தான் சாமான் கிடைக்கும். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒரு வழி சொன்னார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“அம்மா, பாலாய்க்குத் திரும்பப் போயி, திருடு போச்சுன்னு மாத்தி எழுதிட்டு வரச் சொல்றாங்க. மாத்தா திருடனத் தேடுவாங்களாம். இந்த மாசச் சாமானையும் மறுபடி தருவாங்களாம்!”

அம்மா அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். “வா போலாம்,” என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

வரும் வழியில் பாலாயைத் தாண்டித்தான் வந்தோம். “இப்பவாவது எழுதலாம்மா,” என்று நின்றேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதம் முழுவதும் சீர்ச் சாமான்தான் சாப்பாடு. ஒரு டின் சாடினைப் பிரித்துத் தண்ணீராகக் குழம்பு வைத்து இரண்டு நாள் ஓட்டினோம். அரிசி தீர்ந்ததும் மாவில் ரொட்டி. ஒருநாள் சாப்பிடும்போது நான் சொன்னேன்:

“நல்லவேள, மாமா சீர் கொண்டாந்தாங்க. இல்லாட்டி நாம பட்டினிதான். அந்தத் திருடன் நல்லா இருப்பானா? அவன் கையி அழுவிப் போவணும்!”

பளார் என்று கன்னத்தில் விழுந்தது.

அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் அழுதேன். கொஞ்ச நேரத்தில் அம்மா தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

“வாயக் கழுவிட்டு வந்து சாப்புடு. அவன் நல்லா இருக்கட்டும்னு சொல்லு,” என்றார்.

சொன்னேன், அடிக்குப் பயந்து. யாரோ ஒரு திருடனுக்காக அம்மா ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.