சோடா பாட்டில் என்று நான் எறிந்த கிண்ணம்

அகழாய்வில் கடைசி நாள்தான் எமன். குழிகளை மூட வேண்டும், பாக்கி வரைபடங்களை முடிக்க வேண்டும், கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். அந்த வருஷம் தாமிரபரணிக் கரை மேட்டில் நான் தள மேற்பார்வையாளர். மண்ணிலிருந்து வருவதில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று பிரிப்பது என் பொறுப்பு. பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனமும் கூடவே இருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், மூன்றாம் குழியில் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு வந்தது. வெளிப்பக்கம் மேடாகத் தடித்த வரம்பு. கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் நெரித்த இடம் இருக்குமே, அதே மாதிரி. எலி வளை வழியாக மேல்மண்ணிலிருந்து இறங்கியிருக்கும் என்று சொல்லி, லேபிள்கூடப் போடாமல் கழிவு மண்ணில் எறிந்தேன்.

மறுநாள் காலை அதே குழியில் இன்னொரு துண்டு. எடுத்தவர் சுலைமான் அண்ணாச்சி. திசையன்விளையில் வெகுகாலம் சோடாக் கடை நடத்திவிட்டு மண்வேலைக்கு வந்தவர். அதையும் எறியக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இது சோடா பாட்டில் இல்ல, சார்வாள்."

"எப்பிடிச் சொல்லுதீரு?"

"எத்தன பாட்டில் கழுவுன கை இது! உள்பக்கத்தத் தடவிப் பாரும். வட்ட வட்டமாக் கீறல் இருக்கு. பாட்டிலுக்குள்ள எவன்வே கைய விட்டுத் தேய்ப்பான்? இது வாயகன்ற ஏனம், கிண்ணம் மாதிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. துண்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கீறல் இருந்தது.

கழிவு மண்ணுக்கு ஓடினேன். விடிந்ததும் அதிலிருந்து ஒரு டிராக்டர் லோடு மண், ரோட்டு வேலைக்குப் போய்விட்டதாம். அகழாய்வு இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல குழிய மூடியாகணும்" என்றார்.

மதியச் சோற்றை மறந்து எல்லோரும் குழி மண்ணையும் மிச்சக் கழிவு மண்ணையும் சலித்தோம். கிண்ணத்தின் பெரும்பகுதி துண்டு துண்டாகக் கிடைத்தது. நான் எறிந்தது மட்டும் கிடைக்கவில்லை.

பிறகு ஆய்வகத்தில் அந்தப் பழங்காலக் கிண்ணம் எப்படிச் செய்யப்பட்டது என்று விளக்கினார்கள். ஊதிச் செய்ததல்ல. உருகிய கண்ணாடியைத் தோசை போல வட்டமாக ஊற்றி, இளகி இருக்கும்போதே மேலே வரம்புகளை அழுத்தி எடுத்து, கவிழ்த்து வைத்த அச்சின்மேல் போட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள். வட்டு தானாகச் சரிந்து கிண்ணமாகியிருக்கிறது. அச்சில் பட்ட உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் என்பதால் சுழலவிட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்தத் தேய்ப்பைத்தான் அண்ணாச்சி விரலால் படித்துவிட்டார். படித்த நான் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அண்ணாச்சியோடு அருங்காட்சியகம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிண்ணம், விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி. "எந்த ரோட்டுக்கடியில கெடக்கோ, பாவம்" என்றார் அவர்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் லேபிள், அப்புறம் அபிப்பிராயம். அந்தப் பெட்டியின் பலகையில் 'ஒரு பகுதி கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறது. அது பொய். கிடைத்தது. என் கையில்தான் கிடைத்தது.