மூடிக்கு ஒரு கேக்

லோர்னா ட்ரெம்பாத் ஆஸ்திரேலியாவின் தென்கோடி நகரமான ஹோபார்ட்டில் பிறந்து, அங்கேயே படித்து, பல்கலைக்கழகத்துக் குன்றின்மேல் இருக்கும் வானோக்கு நிலையத்திலேயே வேலைக்கும் சேர்ந்தவள். முதலாண்டு மாணவர்களுக்குத் தொலைநோக்கியைப் பழக்குவாள். மற்ற நேரத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை அளப்பாள். தொலைநோக்கியின் மூடியைக் கழற்ற மறப்பவர், மற்ற எல்லாருக்கும் லாமிங்டன் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பேராசிரியர்கள்கூடத் தண்டம் கட்டியிருக்கிறார்கள். அவள் மட்டும் கட்டியதில்லை.

அவளுக்கு ஒரே குறை, ஐவர் என்ற பெயர்கொண்ட அவள் கணவன். ஆப்பிள் தோட்டக்காரன். அவன் குன்றேறினால் மேகமும் கூடவே ஏறும். கல்யாணமானதிலிருந்து எத்தனையோ முறை வந்தும் ஒன்றையும் பார்த்ததில்லை.

மே மாதப் பிற்பகல். ஆப்பிள் பறித்து முடிந்திருந்தது, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வெள்ளிக் கோள் பகலிலேயே தொலைநோக்கியில் பிறையாகத் தெரியும். லோர்னா போன் போட்டாள். "போட்டது போட்டபடி கிளம்பி வாய்யா!"

சேற்றுப் பூட்ஸோடு வந்தான். ஹாலி என்ற மாணவி கத்தினாள். "மழைக்காரரு வந்துட்டாரு! குடையை எடுங்கப்பா!"

"போம்மா, காலையிலேர்ந்து நல்லவனாத்தான் இருக்கேன்."

அதற்குள் மேற்கே மலைக்குப் பின்னால் ஒரு மேகம் எட்டிப்பார்த்தது. வெயில் கண்ணாடியில் விழாமலிருக்க, பகலில் தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்திய பிறகுதான் மூடியைக் கழற்றுவார்கள். லோர்னா அவசரமாக வெள்ளியை நோக்கித் திருப்பி நிறுத்தினாள்.

"கண்ணை வை. என்ன தெரியுது?"

"கருப்பா இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாவே கருப்பா இருக்கு."

லோர்னாவின் முகம் விழுந்துவிட்டது. கணினியில் எண்களைச் சரிபார்த்தாள், எல்லாம் சரி. மேகம் பாதி வானம் வந்துவிட்டது. ஹாலி தொலைநோக்கியின் முனையை அண்ணாந்து பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"லோர்னா, சட்டம் போட்டது யாரு?"

மூடி அப்படியே இருந்தது. நிலையமே அதிரும்படி மாணவர்கள் கூவினார்கள். லோர்னா ஏணியில் தாவி ஏறி அதைப் பிடுங்கினாள். "இப்பப் பாரு! சீக்கிரம்!"

ஐவர் கண்ணை வைத்தான். பிறகு மெல்ல, "அட… நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி. குட்டி நிலா."

"நிலா இல்லய்யா, வெள்ளி."

"யாரா இருந்தா என்ன? அழகா இருக்கா."

மேகம் மூடிய பின்பும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் கொட்டும் மழை. தண்டத்துக்காக, தேங்காய்த் துருவல் புரட்டிய லாமிங்டன் சாக்லேட் கேக்குகளை லோர்னா தட்டு நிறையச் செய்திருந்தாள். நான்தான் தூக்கிவருவேன் என்று அடம்பிடித்து, கோட்டுக்குள் மறைத்து ஐவர் குன்றேறினான்.

"மழைக்காரரே, இன்னைக்குமா?" என்றாள் ஹாலி, வாய் நிறையக் கேக்கோடு.

"பெய்யட்டும்மா," என்றான் ஐவர். "நான்தான் பாத்தாச்சே."