ரத்தப் பரிசோதனை கேட்ட சம்பந்தம்

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் சியாட்டில் நகரத்தில் ஓடும் பஸ்ஸுக்குள்ளேயே விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்: எய்ட்ஸ் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு நோயில்லாத ஆட்கள் தேவை. உடலுறவால் கிருமி தொற்றாமல் தடுக்கும் ஊசியாம். மதுரையில் டிவியில் அந்தப் பெயர் வந்தாலே அம்மா சத்தத்தைக் குறைப்பாள். இங்கே விளம்பரத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் நிம்மதியாக ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். ஏதோ வேகத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். "கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேருடன் உறவு?" என்று கேட்டார் நர்ஸ். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றேன், அதிலேயே பதில் அடங்கிவிட்டதென்று. அவர் பேனாவோடு காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "யாருமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஊசியால் நோய் வராது. ஆனால் உடம்பு கிருமியை எதிர்க்கப் பழகிவிடுவதால், சாதாரண ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோல் காட்டலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். என்னை யார் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மதுரை வில்லாபுரத்தில் எனக்கொரு அம்மா இருப்பதை மறந்துவிட்டேன். மேலூரில் கிரானைட் லாரிகள் வைத்திருக்கும் முருகேசனுக்கு என்னைப் பெண் கேட்டு அவர் வீட்டிலிருந்து வந்ததும், "லாரித் தொழில்ல இருக்கவுக. ஜாதகத்தோட ரத்த டெஸ்டும் வேணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். "தாராளமா. பொண்ணுக்கும் எடுத்துருங்க" என்றார்கள் அவர்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

எனக்கோ போனில் பேசியே முருகேசனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இந்த மனிதரை இழந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே ஊர் வந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி ஆராய்ச்சி டாக்டர் தந்த கடிதத்தை நீட்டினேன். சமையலறையில் அம்மா சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க உடம்புல கிருமி இல்ல?"

"இல்ல. வேற டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிருக்காங்க."

"இந்த ஊசி வேலை செய்யுமா?"

"அதத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."

"எங்கிட்ட ஏழு டிரைவருக இருக்காங்க. ஜாக்கிரதையா இருங்கடான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சீக்கிரம் வந்தா எம்புட்டு நல்லாருக்கும்!" என்றவர், கூடத்தில் இருந்த தன் அம்மாவைப் பார்த்து, "அம்மா, தட்ட மாத்திருங்க!" என்று குரல் கொடுத்தார். நான் சிரித்தேனா அழுதேனா, இன்றுவரை தெரியாது. சந்தோஷம், அது மட்டும் நிச்சயம்.

கல்யாணம் முடிந்து, இன்னும் இரண்டு வாரத்தில் சியாட்டில் திரும்ப வேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுத்த என் ரத்தம் அங்கே குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கிறது. மேலூர் பஸ் ஸ்டாண்டில் முருகேசன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா, "ஒரேயடியா ஊருக்கே வந்துட்டியாத்தா?" என்று கேட்டார்.

"முக்காவாசி வந்துட்டேன்க்கா" என்றேன்.