மந்திரியின் வலது குதிகால்

நாடகக் கொட்டகைக்கு ஷூ செய்தே கிழவரானவர் அவர். ராஜாவுக்கும் திருடனுக்கும் கால் அளந்தவருக்குச் சொந்த வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ‘மாண்புமிகு முட்டுக்கட்டை’ என்று ஒரு கேலி நாடகம் வந்தது. முழுக்க ஜாஸ் பாட்டு. மந்திரி வேஷத்துக்கு வலது குதிகாலை ஒன்றரை அங்குலம் குறைக்கச் சொல்லி அளவுச்சீட்டு வந்தது. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று இவர் இரண்டையும் சமமாகச் செய்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி அறுத்துக் கொடுத்தார். முதல் காட்சியில்தான் புரிந்தது. மேடையில் நடந்தது அவருடைய நடை. டிரம்காரர் நடிகரின் காலைப் பார்த்துப் பார்த்து அடிக்க, சபை விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்திலிருந்த புது மனைவியும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். அந்த நிறுத்தலைத்தான் அவள் சாகும்வரை அவரால் மன்னிக்க முடியவில்லை. நாலாம் நாள் மேலிடம் நாடகத்துக்குத் தடை போட்டது. தடை போட்டவன் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தியவர் அங்கே இவர் ஒருவர்தான்.

இப்போது மகள் அதே கொட்டகையில் இயக்குநர். பழைய சாமான் அறையில் அந்த நாடகத்தைக் கண்டெடுத்து ஓடிவந்தாள்.

“புதையல்பா! இதுவும் ஓடலன்னா கொட்டகைய இழுத்து மூடிடுவாங்க. ஷூ நீங்கதான் செஞ்சு தரணும்.”

கூடவே அந்த அளவுச்சீட்டு. மகள் அந்த நடைக்குச் சிரிப்பதைப் பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது அவருக்கு. இரண்டு குதிகாலையும் மயிரிழை பிசகாமல் சமமாகச் செய்தார். திரை தூக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தார்.

மந்திரி ஜம்மென்று நேராக நடந்தார். காலைப் பார்த்து அடிக்க வேண்டிய டிரம்காரர் திருதிருவென்று விழித்தார். சபையில் இருமல்தான் கேட்டது. மேடை ஓரத்தில் மகள் முகம் வெளுத்துப்போய் நின்றாள். பெற்ற மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது. இனி வீட்டுக்குப் போகலாம் என்று முன்வரிசையிலிருந்து எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே வாசலைப் பார்த்து நடந்தார்.

டிரம்காரருக்கு ஏதாவது ஒரு கால் வேண்டியிருந்தது. இவர் காலைப் பிடித்துக்கொண்டார். சாக்ஸபோன் சேர்ந்துகொண்டது. கொட்டகையே அதிரும்படி சிரித்தார்கள். அவர் நின்றால் தாளமும் நின்றது, நடந்தால் நடந்தது. வாசல் ரொம்ப தூரத்தில் இருந்தது.

மகள் மூச்சிரைக்க வந்து வாசலில் கையைப் பிடித்தாள். அவர் காலைக் குனிந்து பார்த்தாள். அந்தச் சீட்டு யார் அளவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது.

“மன்னிச்சிடுங்கப்பா,” என்றாள். உள்ளே கைதட்டல் ஓயவில்லை. “நாளைக்கும் ஆறரைக்கு வந்துடுங்க. அதே சீட்லயே உக்காருங்க.”