பூண்டு மணக்கும் சீனப் பெட்டி

"உள்ள ஏதோ நாறுதுங்க மேடம், பாலிஷ் போட்டுத் தர்றேன்" என்றார் கொடைக்கானல் பழம்பொருள் கடைக்காரர். டிராகன் செதுக்கிய சீனக் கற்பூரமரப் பெட்டி. குனிந்து முகர்ந்தேன். கற்பூரத்துக்கு அடியில் பூண்டு!

மலையூரான கூக்காலில் நான் சிறுமியாக இருந்தபோது, ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை கொடுத்த இதே மாதிரிச் சீனப் பெட்டியில் கம்பளி வைக்கச் சொன்னார் அப்பா. "கம்பளிக்கு எதுக்குப் பெட்டி? பூண்டுதான் ஈரத்துல அழுகுது" என்று அம்மா மலைப்பூண்டைக் கொட்டி வைத்தாள். அன்றிலிருந்து ரசத்தில் கற்பூர வாசனை. "ரசமா, கோயில் தீர்த்தமா?" என்று கத்திய அப்பா, மறுநாளே பெட்டியை விற்றுவிட்டார். நான் சாப்பிடாமல் அழுதேன்.

வளர்ந்ததும் சீன நாற்காலி, அலமாரி, ஜாடி என்று வீடு நிறையச் சேர்த்தேன். போன கடையிலெல்லாம் பெட்டிகளை முகர்ந்தேன், கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

இப்போது பெட்டியின் இடுக்கில் விரல் விட்டேன். காய்ந்த பூண்டுத்தோல் ஒன்று வந்தது.

"பாலிஷ் வேணாம்ங்க. இது எங்க வீட்டுப் பெட்டி. நாத்தத்தோடயே வெரசா வண்டில ஏத்துங்க!"