போடாத போன்

சோல்ஃப்ரிட் தெற்கிலிருந்து நார்வேயின் வடகோடிக்கு நர்ஸாக வந்தவள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்பார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஐலர்ட் என்ற மீனவர் வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவோடு வந்து படுத்தார். மதியம் ஆபரேஷன். காலையில் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு போன் போடணும். எங்க ஊர்ல மந்திரம் ஓதுறவர் இருக்கார். என் பேரும் பொறந்த தேதியும் சொன்னாப் போதும், ரத்தத்தைக் கட்டிருவார்."

"அப்ப டாக்டர் எதுக்கு?"

"அவர் வெட்டுறதுக்கு. ரெண்டு பேருக்கும் சண்டை கிடையாது, நீ பயப்படாத."

அவள் சிரித்தாள். அவர் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினார். "ஒண்ணு மட்டும். அவருக்கு நன்றி சொல்லிராத. சொன்னா பலிக்காது."

போன் நர்ஸுகள் அறையில், பத்தடி தூரத்தில் இருந்தது. சீட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். படித்தவள் செய்கிற வேலையா இது என்று நினைத்தாள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "போட்டியா?" என்று கேட்டார். அவள் குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரத்தம் நிற்கவில்லை. போன் போட்டிருந்தாலும் நின்றிருக்காது என்றுதான் அவள் கடைசிவரை நம்பினாள். ஆனால் அந்த முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்காது.

இறந்துபோன ஐலர்ட்டின் துணிமணிகளை வாங்க அவருடைய மகள் மாரித் வந்தாள்.

"ஆபரேஷனுக்கு முந்தி நான் பார்க்க வந்தப்ப, நீங்க போன் போடுவீங்கன்னு அப்பா சொன்னார். தெற்கத்திப் பொண்ணு, ஆனா நல்ல பொண்ணுன்னார்." சோல்ஃப்ரிட்டின் கையைப் பிடித்தாள். "ஓதுறவருக்குத்தான் நன்றி சொல்லக் கூடாது. உங்களுக்குச் சொல்லலாம்ல."

சீட்டு அப்போதும் பையில்தான் இருந்தது. சோல்ஃப்ரிட் தலையசைத்தாள்.

அதன் பிறகு இருபத்தாறு வருஷம், யார் கேட்டாலும் ஓதுகிறவருக்குப் போன் போட்டாள். "உன் டாக்டரைக் கூப்பிட்டாச்சா?" என்று மற்ற நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள். நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

போன இலையுதிர்காலத்தில் அதே வார்டில் அவளே படுத்திருந்தாள். ஒரு சின்ன நர்ஸ் குனிந்து, "ஓதுறவருக்குச் சொல்லணுமா அக்கா? நான் போன் போடுறேன்" என்றாள்.

"எனக்கு வேண்டாம்மா," என்றாள் சோல்ஃப்ரிட். "பக்கத்துக் கட்டில்காரரைக் கேளு."