வலப்பக்கம் திரும்பிய முதுகு

காலை எட்டு இருபதுக்குத்தான் எல்லாம் தொடங்கியது. டொரொன்டோவில் பிறந்து வளர்ந்த என் பத்தொன்பது வயது மகள் ஷாலினி, இலங்கை மலையகத்தில் என் ஊரான டயகமவில் தலவாக்கலை பஸ்ஸில் தனியாக ஏறினாள். குடை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். டொரொன்டோவில் இரவு கடைசி ரயிலில் அவள் வந்தாலும் தூங்கிவிடுகிறவள் நான். இங்கே, நான் பள்ளிக்கூடம் போய்வந்த அதே பாதையில் அவள் போவதைப் பார்த்து நடுங்கினேன். இதை எழுதும்போதும் அந்த நடுக்கம் முழுதாகப் போகவில்லை.

எனக்குப் பயம் வந்தால் நேரே முதுகில் போய் உட்காரும். அதற்காகவே டொரொன்டோவில் யோகா வகுப்புக்குப் போகிறேன். வெள்ளைக்கார ஆசிரியை முதல் நாளே, "உங்கள் முதுகு எதைச் சுமக்கிறது?" என்று கேட்டார். "நான் எதையும் சுமக்கவில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தது அம்மாதான்" என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்து, கண்மூடித் தலைவணங்கினார். நான் தகவல்தான் சொல்லியிருந்தேன்.

மூன்று மணியாகியும் ஷாலினி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தம்பி அவளைத் தேடிப் போனான். நாங்கள் தங்கியிருந்த, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில் ஒன்றான அவனுடைய லயத்து வீட்டில் நான் பாயை விரித்து உட்கார்ந்தேன். வலது காலை இடது தொடைக்கு அப்பால் ஊன்றி, இடது முழங்கையை அதில் முட்டுக்கொடுத்து, வலப்பக்கம் திரும்பினேன். மூச்சை விட்டபடி மெதுவாகத் திரும்ப வேண்டும் என்பது பாடம். வெளியே பஸ் ஹார்ன் கேட்டது. வாசல் எந்தப் பக்கம் என்றுகூட யோசிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தையும் வெடுக்கென்று திரும்பிவிட்டேன். வந்தது மரக்கறி லொறி. முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. முழங்கால் வாசலைப் பார்த்தது, முகம் சுவரைப் பார்த்தது.

தம்பி மனைவி ராணி எட்டிப் பார்த்தாள். "என்னாங்க மதினி, புழிஞ்ச துணியாட்டம் இருக்கீங்க?"

"யோகா."

"இதுக்குக் காசு வேற குடுக்கிறீங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிடித்துக்கொண்டால், கால் முன்னே வரப் பிறந்த ஒருவர் மெதுவாக மிதித்துவிட வேண்டும்.

"நம்ம லயத்துல அப்படி யாரு இருக்கா?"

"மேல் டிவிசன்ல ஒருத்தரு இருந்தாரு. அவரும் கொழும்புக்குப் போயிட்டாரு."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க ஷாலினி கால் முன்னாலதான் பொறந்தா" என்று வந்தது. டொரொன்டோ ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஆயத்தம் செய்வதற்குள் அவசரமாக வந்துவிட்டவள் அவள். அதுவரை நான் மட்டும்தான் அவளுக்காகக் காத்திருந்தேன். அதன்பின் லயமே காத்திருந்தது.

இருட்டுவதற்குச் சற்று முன் வாசலில் தம்பியின் குரல் கேட்டது. பஸ் வழியில் பழுதாகி, போனில் சார்ஜும் தீர்ந்து, அவள் புதுக்குடையோடு நடந்தே வந்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்தபடி அழுதேன். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவளுக்கு விளக்கினார்கள். என்னைக் குப்புறச் சாய்த்தார்கள். அவள் எவ்வளவு புரிந்துகொண்டாளோ தெரியாது. ஈரமான, சில்லென்ற பாதம் ஒன்று என் இடுப்பில் பட்டுத் தயங்கி நின்றது.

"அம்மா," என்றாள் தமிழில், "உங்கள எந்தப் பக்கம் திருப்பணும்?"